நந்தா விளக்கும் மாதம் ஐந்து வெள்ளியும்

தைப்பூசத் திருநாள் நெருங்கிவிட்டால் சிங்கப்பூர்க் கோயில்களில் பால்குடங்கள் அடுக்கப்படும், காவடிகள் துலக்கப்படும், உண்டியல்கள் துடைக்கப்பட்டு மஞ்சள் குங்குமம் இடப்படும். அந்த உண்டியலுக்குப் பக்கத்திலேயே அண்மை ஆண்டுகளில் மற்றொன்றும் இடம் பிடித்திருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டங்கள் நிறைந்த கியூஆர் குறியீட்டு அட்டை அது. கைத்தொலைபேசியை அதன் முன்னே நீட்டினால் காணிக்கை சென்று சேர்ந்துவிடுகிறது. 2017ஆம் ஆண்டு பேநவ் சேவை தொடங்கிய காலத்தில் இதனை விந்தையாகப் பார்த்த மூத்தோர்கூட இன்று பேரப்பிள்ளைகளின் துணையின்றித் தாமே செய்கின்றனர்.

இதற்கு அடுத்த படியாக வேறோர் ஏற்பாடும் பெருகி வருகிறது. ஒருமுறை இணையத்தின்வழி இசைவு தந்துவிட்டால் போதும். மாதந்தோறும் ஐந்து வெள்ளியோ பத்து வெள்ளியோ வங்கிக் கணக்கிலிருந்து அல்லது கடன் அட்டையிலிருந்து தானாகவே கழிந்து, ஏதேனும் ஓர் அறநிறுவனத்தைச் சென்றடையும். முதியோர் இல்லம், சிறுநீரக நோயாளிகளுக்கான நிலையம், ஏழை மாணவர் கல்வி நிதி எனப் பல அமைப்புகளும் இந்த முறையையே பெரிதும் விரும்பிக் கேட்கின்றன. விழாக்காலங்களில் அந்த வேண்டுகோள் சற்று உரக்கவே ஒலிக்கிறது. கொடுப்பவரின் கையும் அறியாமல், மனமும் அறியாமல் மாதாமாதம் கழியும் பணம் தருமமாகுமா என்று கேட்போர் உண்டு. அதே வேளையில், சிறுதொகை சேர்ந்து பெருநிதி ஆவதைக் கண்டு மகிழ்வோரும் உண்டு. இரு தரப்பாரும் சொல்வதில் உண்மை இருக்கிறது.

தானாகத் தொடரும் தருமம் தமிழருக்குப் புதியதன்று. சோழர் காலத்துக் கோயில் சுவர்களைப் படித்தவர்கள் அதனை நன்கறிவர். கருவறையில் இரவும் பகலும் அணையாது எரியும் நந்தா விளக்கிற்கு அக்காலத்துக் கொடையாளர் பணத்தை ஒருமுறை அள்ளிக் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை, ஆடுகளைக் கொடுத்தனர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் விடப்பட்டன. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர், அதற்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து தரவேண்டும். கிழடாகி மாண்டவற்றைக் குட்டிகள் ஈடுசெய்யுமாதலால் மந்தையின் கணக்கு குறைவதில்லை. எனவேதான் ‘சாவா மூவாப் பேராடு’ என்று அவற்றிற்குப் பெயரிட்டனர். சாகாத, மூப்படையாத ஆடுகள் என்பது பொருள். இன்றைய வங்கியாளர்கள் நிலையான கட்டளை என்று கூறுவதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நெய்யால் நடத்திக் காட்டியவர்கள் தமிழர்கள்.

சிறு தொகை என்பதும் புதியதன்று. சோறு சமைக்க உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைத் தனிப்பானையில் எடுத்து வைத்து அறப்பணிக்கு அளிக்கும் பிடியரிசி வழக்கம் தமிழகத்தில் பல ஊர்களில் இருந்தது. விருதுநகரில் வணிகப் பெருமக்கள் வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் வாணிபத்தில் ஒதுக்கிய மகமைப் பணத்தாலும் பள்ளிக்கூடம் நடத்தினர். காமராசர் பயின்றது அத்தகைய பள்ளியில்தான். கடல் கடந்து வந்த நகரத்தார் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் இருந்துகொண்டு, தங்கள் தொழிலில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கித் தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலைப் பேணினர். 1950களில் தமிழவேள் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் தொடங்கியபோது ஆளுக்கு ஒரு வெள்ளி என்றே கேட்டார். தோட்டத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் கொடுத்த அந்த வெள்ளிகளே பல்கலைக்கழக நூலகத்திற்குத் தமிழ் நூல்களாயின.

ஆகவே மாதம் ஐந்து வெள்ளி என்பதைக் கேலி பேசுவதற்கில்லை. கையில் அறுபது வெள்ளியை ஒருசேர எடுத்துக் கொடுக்கத் தயங்கும் குடும்பம், மாதம் ஐந்து வெள்ளியை எளிதில் தாங்கும். ஆண்டு முடிவில் அதே அறுபது வெள்ளி சேர்ந்திருக்கும்.

பெறுபவருடைய நிலையிலிருந்து பார்த்தால் இதன் அருமை இன்னும் தெளிவாகும். சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்திற்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டும். தீபாவளி வந்தது, நன்கொடை குவிந்தது, பின்னர் ஆறு மாதம் எவரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அவர் ஆறு மாதம் காத்திருக்க இயலுமா? முதியோர் இல்லத்து அடுப்பு நாளும் எரிய வேண்டும். துணைப்பாட ஆசிரியர் வாரந்தோறும் வரவேண்டும். விழாக்கால வெள்ளம்போல் வந்து வற்றிப்போகும் நன்கொடையை வைத்து ஊழியரை அமர்த்தவும் முடியாது. அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடவும் முடியாது. சிறிதாயினும் தவறாமல் வரும் பணமே அறநிறுவனத்திற்கு முதுகெலும்பு.

இதற்கு நல்ல சான்று இந்தியர் சமூகத்திலேயே உண்டு. 1991ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமாகிய சிண்டாவிற்கு, இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதிச் சந்தாவோடு சேர்த்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை பிடிக்கப்படுகிறது. 2015இல் வகுத்த அளவின்படி அது வருமானத்திற்கேற்ப 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை அமைந்தது. வேண்டாதோர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ள இடமிருந்தும் பெரும்பாலோர் விலகவில்லை. சம்பளச் சீட்டில் அந்த வரியைக் கண்டு முணுமுணுப்போர் இருக்கலாம். அந்த வரியால்தான் பல்லாயிரம் பிள்ளைகள் துணைப்பாட வகுப்புகளில் அமர்ந்தனர்.

கொடுப்பவருக்கும் இதில் ஓர் ஆன்மிக நன்மை இருக்கிறது. இதனைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. மாதம் ஐந்து வெள்ளி கொடுப்பவருக்குப் பொன்னாடை இல்லை, மாலை இல்லை, பளிங்குக் கல்லில் பெயர் இல்லை. பரிவட்டம் யாருக்கு முதலில் என்ற பூசலும் இல்லை. கோயில் வட்டாரங்களை அறிந்தோர் ஒன்றை ஒப்புக்கொள்வர்: பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் குடமுழுக்கிற்கு நன்கொடை திரட்டுவது எளிது; கோபுரத்துச் சுதைச் சிற்பத்திற்கு உபயதாரர் போட்டியிட்டு வருவர். ஆனால் ஓதுவாரின் சம்பளத்திற்கும், மடைப்பள்ளி எரிவாயுக் கட்டணத்திற்கும், மாதா மாதம் வரும் மின்சாரச் சீட்டுக்கும் உபயதாரர் கிடைப்பதரிது. அவற்றில் பெயர் பொறிக்க இடமில்லை அல்லவா! பெயர் வேண்டாது சிறுகச் சிறுகக் கொடுப்போரே அந்தச் செலவுகளைத் தாங்குகின்றனர்.

இனி மறுபக்கம்.

முதலாவது, கழிவு. இணையவழிக் கடன் அட்டைக் கொடையில் ஒரு பகுதி கட்டணமாகப் போய்விடும். கட்டணம் 3 விழுக்காடும் அதனுடன் 50 காசும் என்று வைத்துக்கொண்டால், 5 வெள்ளியில் 65 காசு வழியிலேயே கரைந்துவிடுகிறது. அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று. அதே கட்டணம் 50 வெள்ளிக்கு 2 வெள்ளிதான், நூற்றுக்கு நான்கு. சிறுதொகையைக் கடன் அட்டையில் பன்னிரண்டு முறை அனுப்புவதைக் காட்டிலும் ஜைரோ அல்லது வங்கிக் கணக்குவழி அனுப்புவதே மேல். இல்லையேல் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பலாம். அறநிறுவனங்களே இதனைக் கொடையாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், சொல்வோர் சிலரே.

இரண்டாவது, அவசரத்தில் பெறும் இசைவு. பெருவிரைவு ரயில் நிலைய வாயிலில் கையில் தட்டைக் கணினியுடன் நிற்கும் இளையர் புன்னகையோடு வழிமறித்து, ஒருமுறை நன்கொடையை விரும்பாமல், மாதாந்திர இசைவையே வேண்டுகின்றனர். அவர்களுள் சிலர் நிதி திரட்டும் வணிக நிறுவனங்களின் ஊழியர்கள். அவர்களுடைய ஊதியமும் திரட்டிய நிதியிலிருந்தே செல்கிறது. நிதி திரட்டும் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்ற விதி சிங்கப்பூரில் உண்டு. இருப்பினும் வேலை முடிந்து களைத்து வரும் ஒருவர், தயக்கத்தினால் மறுக்கமாட்டாமல் கையெழுத்திட்டுவிட்டு, பின்னர் வேலையிழந்த மாதத்திலும் அந்தத் தொகை கழிவதைக் கண்டு கலங்குவது நல்ல தருமத்தின் அடையாளமன்று. தன் வீட்டு உலைக்கு அரிசி எடுத்த பிறகுதான் பிடியரிசி எடுத்தார்கள். உலைக்கே இல்லாத நாளில் எவரும் பிடியரிசி கேட்டதில்லை.

மூன்றாவது குறையே பெரியது. அது மறதி.

2005ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நடந்ததைச் சிங்கப்பூரர் எளிதில் மறக்கமாட்டார். தேசிய சிறுநீரக அறநிறுவனம் அந்நாளில் மக்களிடம் மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்தது. தொலைக்காட்சிக் கலைநிகழ்ச்சிகளைக் கண்டு மனமிளகிய எளிய குடும்பங்கள் மாதம் ஐந்தும் பத்துமாகப் பல ஆண்டுகள் அதற்குக் கொடுத்து வந்தன. அதன் தலைமை அதிகாரியின் அலுவலகக் குளியலறையில் பொன்முலாம் பூசிய தண்ணீர்க் குழாய் அமைக்கப்பட்டதாக நாளிதழ் ஒன்றில் செய்தி வந்தது. அறநிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கின் குறுக்கு விசாரணையில்தான், அவருடைய ஊதியம் ஊக்கத்தொகையுடன் சேர்ந்து ஓராண்டில் 600,000 வெள்ளி அளவுக்கு உயர்ந்திருந்ததும், முதல் வகுப்பு விமானப் பயணங்களும், கையிருப்பைப் பற்றிப் பொதுமக்களுக்குச் சொல்லப்பட்டவை உண்மைக்குப் புறம்பானவை என்பதும் வெளிப்பட்டன. வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. அந்த வாரத்திலேயே அவரும் இயக்குநர் குழுவினரும் பதவி விலகினர்.

அதன் பின்னர் ஆயிரக்கணக்கானோர் தத்தம் மாதாந்திர நன்கொடையை நிறுத்தினர். அவர்களுடைய சினத்தில் நியாயம் இருந்தது. ஆனால் வாரம் மூன்று முறை ஊசி குத்திக்கொண்டு படுத்திருந்த நோயாளி செய்த குற்றம் யாது? பொன்முலாம் குழாயைத் திறந்தவர் அவரல்லர். பல ஆண்டுகள் கணக்குக் கேளாது கொடுத்ததும், ஒரே வாரத்தில் முற்றாக நிறுத்தியதும் இரு வேறு செயல்கள்போல் தோன்றினாலும், இரண்டிற்கும் வேர் ஒன்றுதான். பணம் போன இடத்தின்மீது கொடுத்தவரின் கண் இல்லை.

கொடுத்ததை மறப்பது வேறு. கொடுத்த இடத்தை மறப்பது வேறு. முன்னது பெரியோர் போற்றிய பண்பு. பின்னதை எந்தப் பெரியோரும் போற்றியதில்லை. தானாகக் கழியும் நன்கொடையின் ஆபத்து, இவ்விரண்டையும் ஒன்றெனத் தோன்றச் செய்வதுதான்.

சோழர் காலத்துக் கொடையாளர் இதனை அறிந்திருந்தனர் போலும். ஆடுகளை ஒப்படைத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. எந்த விளக்கிற்கு எத்தனை ஆடு, அவற்றைப் பெற்ற இடையர் யார், அவர் தவறினால் பொறுப்பேற்க வேண்டிய உறவினர் யார் யார், அளக்க வேண்டிய நெய் எவ்வளவு என்பனவற்றையெல்லாம் ஊரார் கண்ணில் படும் சுவரில் வெட்டி வைத்தனர். கல்வெட்டின் முடிவில் ‘பன்மாகேசுவரர் இரட்சை’ என்று எழுதும் மரபும் இருந்தது. இந்த அறம் சிவனடியார் அனைவருடைய காவலிலும் இருக்கிறது என்பதே அதன் கருத்து. கொடையாளர் மறைந்து நூறாண்டுகள் ஆனாலும், விளக்கு அணைந்திருந்தால் சுவரைப் படித்த எந்த அடியாரும் ஏனென்று கேட்கலாம். தானாக நடக்கும் தருமத்திற்குத் தானாக நடக்காத காவல் ஒன்றை அவர்கள் வைத்தனர்.

இன்று அந்தச் சுவருக்கு நிகரானது ஒன்று உண்டு. ஆனால் படிப்போர் குறைவு. 2005 நிகழ்வுக்குப் பின்னர் அறநிறுவனச் சட்டதிட்டங்கள் இறுக்கப்பட்டன. 2007இல் அறநிறுவன மன்றம் அமைக்கப்பட்டது. நிர்வாக நெறிமுறைகளும் வகுக்கப்பட்டன. பதிவுபெற்ற அறநிறுவனங்களின் விவரங்களும் கணக்குகளும் அறநிறுவன ஆணையரின் இணையவாசலில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. கைத்தொலைபேசியில் மாதாந்திர இசைவு தர இரண்டு நிமிடம் செலவிடுபவர், அதே கைத்தொலைபேசியில் ஆண்டறிக்கையைத் திறந்து பார்க்கப் பத்து நிமிடம் செலவிடலாம். திரட்டியது எவ்வளவு, நிதி திரட்டும் செலவு எவ்வளவு, எத்தனை ஆண்டுச் செலவுக்குக் கையிருப்பு உள்ளது என்ற மூன்றையும் தேடிப் பார்த்தாலே பாதி தெளிவு பிறந்துவிடும்.

அரசாங்கமும் நன்கொடைக்கு ஊக்கமளித்து வந்திருக்கிறது. பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்ற நிறுவனங்களுக்குக் கொடுப்பதில் இரண்டரை மடங்குத் தொகைக்கு வருமான வரிக் கழிவு உண்டு. 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் இச்சலுகையை 2026 இறுதிவரை நீட்டித்தது. அறுபது வெள்ளி கொடுத்தவரின் வரிக்குரிய வருமானத்தில் 150 வெள்ளி குறையும். வழிபாட்டுக்கென்று மட்டுமே தரும் காணிக்கைக்குப் பொதுவாக இச்சலுகை பொருந்துவதில்லை. வரிச் சலுகைக்காகச் சாமிக்குச் செய்வதைக் குறைப்பார் எவருமிலர் என்றாலும், தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இணையவழிக் கொடையால் வேறொரு சாய்வும் ஏற்படுகிறது. நல்ல படம், உருக்கமான காணொளி, ஆங்கிலத்தில் அழகிய சொற்கள், இவற்றிற்கெல்லாம் செலவிட வல்ல பெரிய அமைப்புகளுக்கே மாதாந்திரக் கொடையாளர் அமைகின்றனர். தொண்டூழியர் நால்வர் சேர்ந்து நடத்தும் சிறிய உணவுப் பணிக்கோ, கோயில் மண்டபத்து மூலையில் நடக்கும் தேவார வகுப்பிற்கோ அத்தகைய வசதி இல்லை. இத்தகைய இடங்களுக்கு இன்றும் உண்டியலும் உபயமுமே கதி. ஆகவே தம் கொடை முழுவதையும் திரையின்வழி மட்டுமே செலுத்துபவர், திரையில் தோன்ற இயலாதவர்களை அறியாமலேயே கைவிட நேரிடும்.

உபயம் என்ற சொல்லையே சற்று நோக்கலாம். ஆண்டுதோறும் குறித்த நாளில் ஒரு குடும்பம் அல்லது ஒரு தொழிலைச் சேர்ந்தோர் விழாச் செலவை ஏற்பது மலாயா, சிங்கப்பூர்க் கோயில்களில் வேரூன்றிய வழக்கம். அதுவும் தொடர்கொடையே. ஆனால் உபயக்காரர் அன்று நேரில் வருகிறார். அபிடேகத்தைக் காண்கிறார். அன்னதானத்தில் கரண்டி பிடிக்கிறார். சாதம் போதவில்லையென்றால் அவருக்குத் தெரிகிறது. சாம்பாரில் உப்பு மிகுந்தாலும் தெரிகிறது. தந்தை செய்த உபயத்தை மகன் ஏற்கும்போது பேரனும் உடன் நின்று பார்க்கிறான். வங்கிக் கணக்கில் கழியும் ஐந்து வெள்ளியைப் பிள்ளைகள் காண்பதில்லை. பாட்டியின் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காசை வாங்கி உண்டியலில் இட்ட குழந்தைக்குக் கொடுத்தல் என்பது கையில் பதிந்தது.

இதற்காக மாதாந்திர நன்கொடையைக் கைவிட வேண்டுமென்று கூறுவது அறியாமை. நோயாளியின் ஊசியும் முதியோரின் உணவும் பேரப்பிள்ளையின் பாடத்திற்காகக் காத்திருக்க மாட்டா. செய்யத்தக்கது, உபயத்தின் கண்ணை அந்த ஐந்து வெள்ளிக்கும் கொடுப்பதுதான். பத்து இடங்களுக்கு இரண்டிரண்டு வெள்ளியாக இறைப்பதைவிட, தாம் நேரில் சென்று பார்க்கக்கூடிய ஓரிரு இடங்களுக்கு அளிக்கலாம். கட்டணமாகக் கரைவதும் குறையும். குடும்பத்தார் ஆண்டுக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். தைப்பூசத்திற்கு விரதம் தொடங்கும் நாளாகவோ, மறைந்த பெற்றோரின் திதி நாளாகவோ அது இருக்கலாம். அன்று வங்கிக் கணக்கைத் திறந்து எங்கெங்கே கழிகிறது என்று பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்து, தொடர்வதைத் தொடரவும் தாங்காததை நிறுத்தவும் முடிவு செய்யலாம். வருமானம் குறைந்த ஆண்டில் நிறுத்துவது பாவமன்று.

கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தைப்பூசத்தன்று உண்டியல் திறக்கப்படும்போது பலர் முன்னிலையில் எண்ணுகிறார்கள். ஒருவர் எண்ணியதை மற்றொருவர் சரிபார்க்கிறார். ஏட்டில் கையொப்பம் இடப்படுகிறது. இணையத்தின்வழி வரும் காணிக்கைக்கு ஓசையும் இல்லை, கூட்டமும் இல்லை. அது வந்ததையும் போனதையும் பக்தர்கள் அறிய வழி செய்யவேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாற்பது பேருக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும் கணக்கைப் பற்றி இங்கே பேச்சில்லை. இந்த மாதம் இணையக் காணிக்கை இவ்வளவு, அன்னதானத்திற்கு இவ்வளவு, மின்கட்டணத்திற்கு இவ்வளவு என்று தமிழில் பத்து வரிகள் எழுதினால் போதும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கால் கழுவி உள்ளே வரும் மூதாட்டி நின்று படிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

கல்லில் வெட்டவேண்டிய அவசியமுமில்லை. எல்லாக் கோயில்களிலும் வாயிலருகே அறிவிப்புப் பலகை இருக்கிறது. உபயக்காரர் பட்டியலுக்கும் பூசை நேர அட்டவணைக்கும் நடுவே ஒரு தாள் ஒட்டுவதற்கு அதில் இடம் இருக்கத்தான் செய்கிறது.